பாசிக்கோயிலில் அம்மா

பாசி என்றால் அம்மாவுக்கு ப்ளீச்சிங் பவுடர்தான் ஞாபகம் வரும். அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு துவைக்கிற கல்லும், அதைச் சுற்றிக் கொஞ்சம் சிமெண்டுத் தரையும் உண்டு. ஐப்பசி அடைமழை பிடித்த பத்தாம் நாள் அந்தத் தரை பச்சையாகிவிடும். ஆச்சி அங்கேதான் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்து ஒன்றரை வருடம் கட்டிலோடு கிடந்தாள். அன்றிலிருந்து ஒவ்வொரு மழைக்காலமும் அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பவுடரும் தென்னை வாரியலுமாக முட்டி போட்டுத் தேய்க்க ஆரம்பித்துவிடுவாள். முட்டி இப்போது போயேவிட்டது.

அப்பேர்ப்பட்டவளிடம்தான் போய்ச் சொன்னேன். "எம்மா, கியோத்தோல ஒரு கோயில் இருக்கு. முழுக்கப் பாசிதான். ஆளுக்கு நாலாயிரம் யென்."

அம்மா மனக்கணக்குப் போட்டாள். ஒசாகாவுக்கு வந்து இரண்டு வாரத்தில் யென்னை ரூபாயாக்குவதில் என்னைவிடத் தேறியிருந்தாள்.

"ரெண்டாயிரத்துக்கு மேல வருதே! பாசியப் பாக்கவா?"

"ஆமா."

"ஏட்டி, ஐப்பசில ஊருக்கு வா. சும்மாவே காட்டுதேன்."

கோயிலின் பெயர் சைஹோஜி. அந்தப் பெயரைச் சொன்னால் டாக்சிக்காரர் ஒரு நொடி யோசிப்பார். கோகெதெரா என்றால் உடனே தலையாட்டுவார். கோகெ என்றால் பாசி, தெரா என்றால் கோயில். கியோத்தோவின் மேற்கு ஓரத்தில், மலை தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. 1994இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பழைய கியோத்தோவின் 17 இடங்களில் இதுவும் ஒன்று. ஆனாலும் மற்ற பதினாறில் பெரும்பாலானவற்றைப் போல டிக்கெட் கிழித்து உள்ளே போகிற இடம் இல்லை. 1977 ஜூலை வரை அப்படித்தான் இருந்தது. கூட்டம் தாங்கவில்லை. பாசியும் பாடுபட்டது, அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்களும் பாடுபட்டார்கள். அதனால் வாசலைச் சாத்தி, முன்கூட்டியே எழுதிக் கேட்டு அனுமதி வாங்குகிறவர்களுக்கு மட்டும் திறந்தார்கள்.

எழுதிக் கேட்பது என்றால் ஓஃபுகு ஹகாகி என்ற இரட்டை அஞ்சலட்டையில். தாத்தா காலத்தில் நம் தபாலாபீசில் ‘ரிப்ளை கார்டு’ என்று விற்றார்களே, அதன் ஜப்பானிய உறவு. ஒரு பாதி போகும். மறுபாதி பதிலோடு திரும்பி வரும். திரும்பி வருகிற பாதியில் நம் முகவரியை நாமே எழுதி வைக்க வேண்டும். அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நம் பெயருக்கு நாமே மரியாதை சேர்த்துக்கொள்ளக் கூடாது. பெயருக்குக் கீழே ‘இன்னாருக்குப் போவது’ என்ற பொருளில் மொட்டையாக ஓர் எழுத்து. பதில் போடுகிறவர் அந்த எழுத்தைக் கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் ‘சாமா’ என்று எழுதி நம்மைப் பெரிய மனுஷராக்கி அனுப்புவார். நமக்கு நாமே ‘திரு’ போட்டுக் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற ஊரிலிருந்து வந்த எனக்கு இது ரொம்பவே பிடித்துப்போனது.

பிடித்துப்போன உற்சாகத்தில் காரியத்தைக் கெடுத்தேன். பதில் அட்டையின் பின்பக்கத்தை வெறுமையாக விட வேண்டும். அவர்கள் பதிலை அச்சடிப்பது அங்கேதான். நான் அந்த இடத்தில் கஷ்டப்பட்டு நாலு வரி ஜப்பானிய மொழியில் வணக்கம் எழுதி வைத்திருந்தேன். தபாலில் போடுமுன் அலுவலகத்தில் என்னைவிட மூத்த ஒரு பெண்மணியிடம் காட்டினேன். பார்த்துவிட்டுப் பல்லிடுக்கில் மெதுவாகக் காற்றை உறிஞ்சினார். இந்த நாட்டில் அந்தச் சத்தத்துக்கு அகராதி தேவையில்லை. இப்போது இணையத்திலும் பதிவு செய்யலாம் என்று அவர்தான் சொன்னார். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. அந்த அட்டை இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது, யாரும் என்னை ‘சாமா’ ஆக்காமல்.

முந்தின நாளே கியோத்தோ போய்ச் சேர்ந்து, சாகா பக்கம் கியோஜி என்ற சின்னக் கோயிலையும் பார்த்தோம். 12ஆம் நூற்றாண்டில் கியோமொரி என்ற பெருந்தலைவனின் அன்பை இழந்த கியோ என்கிற ஆடல்மகள், தாயோடும் தங்கையோடும் துறவு பூண்டு ஒதுங்கிய இடம் என்று கதை. (தமிழில் எழுதினால் எல்லாமே கியோ ஆகிவிடுகிறது, மன்னிக்கவும்.) கூரை வேய்ந்த ஒரு குடில், மேப்பிள் மரங்கள், அவற்றின் அடியில் கொஞ்சம் பாசி, மொத்தமும் ஒரு பெரிய வீட்டு வளவுக்குள் அடங்கிவிடும். அங்கே பாசி வகைகளைத் தட்டுகளில் வளர்த்து, பெயர் எழுதி வைத்திருந்தார்கள். மறுநாளுக்கு அதுதான் எங்களுக்குப் பாடமாக அமைந்தது.

பெயர் பழகுவது எனக்கு அவசியமாகவும் இருந்தது. நமக்குக் குளத்தில் படர்வதும் பாசி, சுவரில் படர்வதும் பாசி. பள்ளிக்கூடத்தில் தண்ணீரில் இருப்பதுதான் பாசி, சுவரில் இருப்பது ‘மாஸ்’ என்று படித்ததோடு சரி, வீட்டுக்கு வந்தால் இரண்டும் ஒன்றேதான், இரண்டுமே வழுக்கும். ஜப்பானில் 1,700க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. சாதாரண மனிதர்கள் அதில் ஐந்தாறையாவது பெயர் சொல்லி அழைக்கிறார்கள். குட்டி தேவதாரு மரம் போல நிமிர்ந்து நிற்பது சுகிகோகே. வெளிறி, உருண்டை உருண்டையாகத் திரள்வது ஷிராகாகோகே, அதாவது நரைமுடிப் பாசி. தரையோடு ஊர்வது ஹைகோகே. அம்மா நரைமுடிப் பாசித் தட்டைக் குனிந்து பார்த்துவிட்டுத் தன் தலையைத் தொட்டுக்கொண்டாள்.

ஜூன் கடைசி வாரம். ஜப்பானின் மழைக்காலம் அப்போதுதான். விடாத தூறலில், காமி கத்சுரா ரயில் நிலையத்தில் இறங்கி டாக்சி பிடித்தோம். முட்டி சரியாக இருப்பவர்கள் நடந்தே போய்விடலாம். கோயிலை ஒட்டி ஓடை ஒன்று ஓடுகிறது. பள்ளத்தாக்கின் ஈரம் மூச்சிலேயே தெரிந்தது. "பாபநாசம் வாடை" என்றாள் அம்மா. உண்மைதான். அகத்தியர் அருவிக்குப் போகும் வழியில் வருமே, நனைந்த மண்ணும் அழுகிய இலையும் சேர்ந்த வாடை, அதுதான்.

நேராகத் தோட்டத்துக்குள் விடமாட்டார்கள். முதலில் பிரதான மண்டபத்தில் உட்கார்ந்து சூத்திரம், அதாவது பௌத்த மறைமொழி, எழுத வேண்டும். இந்த மண்டபம் 1969இல் கட்டியது. பழைய கோயில் என்று நினைத்து நுழைந்தால், தோமோதோ இன்ஷோ வரைந்த தள்ளுகதவு ஓவியங்கள் நவீன பாணியில் நிறங்களை வாரி இறைத்துக்கொண்டு நிற்கும். வரிசையாகக் குட்டை மேசைகள், தூரிகைப் பேனா, எழுத்துகள் மங்கலாக அச்சிட்ட தாள். அந்த மங்கலின் மேலேயே நாம் எழுதிப் போக வேண்டும். அம்மாவுக்கு நாற்காலி போட்ட மேசை கிடைத்தது.

"ஸ்ரீராமஜெயம் எழுதுத மாதிரியா?"

"அதே மாதிரிதாம்மா."

அவள் வருடக்கணக்காக எழுதிவருகிறாள். நாற்பது பக்க நோட்டு எத்தனை தீர்த்திருப்பாளோ. ஆனாலும் பேனாவை எடுக்கவில்லை. "என்ன எழுதுதோம்னு தெரியாம எழுதப்பிடாது. பொருளச் சொல்லு" என்றாள். தணிந்த குரலில் சொன்னேன். பத்தே வரி, 42 எழுத்து. கன்னோனைப் போற்றுவது. காலையில் கன்னோனை நினை, மாலையில் கன்னோனை நினை, ஒவ்வொரு நினைப்பும் மனதிலிருந்து எழுகிறது, ஒவ்வொரு நினைப்பும் மனதை விட்டு அகலாதது.

"கன்னோன் யாரு?"

கன்னோன் என்பது நம் அவலோகிதர்தான், கருணையே உருவான போதிசத்துவர். அவர் வாசம் செய்யும் மலை தென்னிந்தியாவில் இருப்பதாகப் பௌத்த நூல்கள் சொல்கின்றன. ‘போதலகம்’ என்ற அந்த மலை நம் பொதிகைதான் என்று வாதாடும் ஆய்வாளர்களும் உண்டு. இதைச் சொன்னதுதான் தாமதம், மொட்டைமாடியில் நின்றால் பொதிகை தெரிகிற வீட்டுக்காரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்ப நம்ம ஊர்க்காரருல்லா!"

பிறகு என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் கோடு கோடாகத் திணறிக்கொண்டிருக்கையில் அவள் கோலம் போடுகிற கையால் இழுத்துக்கொண்டு போனாள். எந்தக் கோடு முதலில் வர வேண்டும் என்ற விதியெல்லாம் அவளுக்குத் தெரியாது. புள்ளியில் ஆரம்பித்து வளைத்து, கை எடுக்காமல் முடிக்கத்தான் தெரியும். எழுத்து என்னவோ என்னுடையதைவிட நன்றாக வந்தது. கடைசியில் வேண்டுதலை எழுத இடம் விட்டிருந்தது. தமிழில் எழுதினாள், பரீட்சையில் பக்கத்துப் பெண் பார்த்துவிடாமல் மறைக்கிற மாதிரி இடது கையால் மறைத்துக்கொண்டு. தாளை புத்தருக்கு முன்னால் வைத்துவிட்டு வெளியே வந்தோம்.

தோட்டத்தில் முதல் இரண்டு நிமிடம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். இணையத்தில் பார்த்த படங்களெல்லாம் நிறம் ஏற்றியவை. நேரில் பச்சை அவ்வளவு கத்துவதில்லை. மரத்தடி இருட்டுக்குக் கண் பழக வேண்டியிருந்தது. பழகிய பிறகுதான் தரை என்று நினைத்தது தரையில்லை என்று புரிந்தது. மண் எங்குமே தெரியவில்லை. வேர், கல், பாலத்தின் ஓரம், பட்டுப்போன மரத்தின் அடிக்கட்டை எல்லாவற்றின் மேலும் ஒரே போர்வை. அதற்குள் எத்தனையோ பச்சை: கருவேப்பிலைப் பச்சை, வாழைக்குருத்துப் பச்சை, காய்ந்த வேப்பிலையின் பழுப்பேறிய பச்சை. ஏறத்தாழ 120 வகை என்று கணக்கு. பரப்பு சுமார் 35,000 சதுர மீட்டர். எட்டரை ஏக்கர் என்றேன். அம்மா உடனே, "அஞ்சு கோட்டை வெதப்பாடு இருக்கும்" என்று எங்கள் ஊர்க் கணக்குக்கு மாற்றி, "ஒரு போகமும் வெளையல" என்று முடித்தாள்.

நடுவில் குளம். மனம் என்ற சீன எழுத்தின் வடிவத்தில் வெட்டியதாகச் சொல்கிறார்கள். அது பறவைக்குத்தான் தெரியும். கரையில் நடக்கிறவருக்கு வளைந்து வளைந்து ஒளிந்துகொள்கிற தண்ணீர் மட்டுமே. குளத்துக்குள் சோடி சோடியாகக் கற்கள் ஒரே வரிசையில் நிற்கின்றன, இரவில் கட்டிப்போட்ட படகுகள் மாதிரி. தீவுகளுக்குப் போகும் சின்னப் பாலங்கள் பாசி ஏறி, இனி யாரும் மிதிக்கக் கூடாதவையாகிவிட்டன.

இந்தத் தோட்டத்தை 1339இல் திருத்தி அமைத்தவர் முசோ சோசெகி என்ற ஜென் குரு (1275–1351). ஏற்கெனவே இருந்த பழைய கோயில் சீர்கெட்டுக் கிடக்க, பக்கத்து மாத்சுவோ ஆலயத்தின் தலைமைப் பூசாரி அவரை அழைத்து ஒப்படைத்தார். மேலே, மலைச்சரிவில், முசோ கற்களை மட்டுமே வைத்துத் தண்ணீரில்லாத ஓர் அருவியை அடுக்கினார். ஜப்பானின் கல்தோட்டங்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று அது. மேலே ஏற அம்மாவின் முட்டி ஒத்துழைக்கவில்லை. படிக்கட்டு ஆரம்பிக்கும் வாசலோடு திரும்பிவிட்டோம். கீழே குளத்தைச் சுற்றிய தோட்டம். அவர் காலத்தில் இங்கே பாசி கிடையாது. தீவுகளில் வெண்மணல் விரித்திருந்தது என்கிறார்கள். பின்னால் வந்த தோட்டங்கள் சிலவற்றை இதைப் பார்த்துத்தான் அமைத்தார்கள். வெள்ளி மண்டபம் என்று இன்று கூட்டம் நெரிகிற கின்ககுஜிக்கும் இதுதான் மாதிரி.

அந்த வெள்ளி மண்டபத்தைக் கட்டிய ஷோகுன் (படைத்தலைவராக இருந்து நாட்டை ஆண்டவர்), அஷிகாகா யோஷிமாசா, அதற்கு முன்னாலேயே இந்தத் தோட்டத்தை இன்னொரு முறை நகல் எடுத்திருக்கிறார், அவருடைய அம்மாவுக்காக. அந்தக் காலத்தில் பெண்களுக்கு இந்தக் கோயிலில் அனுமதி கிடையாது. அம்மா வந்து பார்க்க முடியாது என்பதால் மகன் அரண்மனையிலேயே ஒரு சைஹோஜித் தோட்டம் அமைத்துக் கொடுத்தார்.

அம்மா இதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நடந்தாள். பிறகு, "நல்ல பிள்ள. ஆனா அம்மையக் கூட்டிட்டுப் போறதுக்கு அவ்வளவு பெரிய ராசாவுக்கே தைரியம் இல்ல பாரு" என்றாள்.

1467 முதல் பத்தாண்டு நடந்த ஓனின் உள்நாட்டுப் போரில் கோயில் எரிந்தது. பிறகு வெள்ளம் வந்தது, ஒரு தடவையோடு நிற்கவில்லை. பணம் இல்லை, பார்க்க ஆளில்லை. மணல் போனது, நிழல் கூடியது, ஓடையின் ஈரமும் களிமண்ணும் சேர்ந்துகொண்டன. யாரும் நடாத பாசி தானாக வந்து உட்கார்ந்தது. எடோ காலத்தின் (1603–1868) பிற்பகுதியில்தான் இந்தப் பச்சை முழுதாக மூடியது என்பது பொதுவான கருத்து. அதாவது உலகம் முழுக்கப் பேர் சொல்கிற இந்தத் தோட்டத்தில் முசோ சோசெகி போட்ட திட்டம் பாதி; மீதி, துவைக்கிற கல்லைச் சுற்றி எங்கள் வீட்டில் நடப்பது. ஒரே வித்தியாசம், இங்கே ஒருநாள் யாரோ ஒருவர் வாரியலோடு வந்து, பார்த்து, தேய்க்காமல் திரும்பிப் போயிருக்கிறார். அந்த ஆளின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. எனக்கு முசோவைவிட அவரைத்தான் பார்க்க ஆசையாக இருந்தது.

அவருக்கு அது பெரிய துணிச்சலாகத் தோன்றியிருக்காதோ என்னவோ. இந்த நாட்டின் தேசிய கீதமே, சிறுகற்கள் சேர்ந்து பாறையாகி, அந்தப் பாறைமேல் பாசி படரும்வரை நீடூழி வாழ்க என்கிறது. நாம் யாரையாவது ‘பாசி பிடிக்கும்வரை வாழ்க’ என்று வாழ்த்தினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஷோனான்தெய் என்ற பழைய தேநீர் இல்லத்தருகே மழை கொஞ்சம் வலுத்தது. நான் பாதையோரம் குத்தவைத்து உட்கார்ந்து, சுகிகோகேயை ஒரு சாண் தூரத்தில் பார்த்தேன். வேர் என்று ஒன்று கிடையாது. பிடித்துக்கொள்ள நூலிழைகள் மட்டும். தண்ணீரை உடம்பாலேயே குடிக்கிறது. காய்ந்தால் இலைகளைத் தண்டோடு ஒட்ட மடித்துக்கொண்டு செத்ததுபோல் கிடக்கும். மழை பட்டதும் விரிந்துவிடும். விரிந்த நிலையில் மேலிருந்து பார்க்க ஒவ்வொரு செடியும் ஒரு நட்சத்திரம். சிலவற்றின் உச்சியில் முடியளவு காம்பு எழும்பி, அதன் நுனியில் நெல்மணியைவிடச் சின்னதாக ஒரு கூடு, கூட்டின் மேல் ரோமத் தொப்பி. விதைக்குப் பதில் தூள் இருக்கிற கூடு. ஒரு காம்பின் நடுவில் மழைத்துளி ஒன்று மாட்டிக்கொண்டு, விழுவதா வேண்டாமா என்று நின்றது. அதைப் படமெடுக்க மூன்று முறை முயன்றேன். மூன்றிலும் என் விரல்தான் விழுந்திருக்கிறது.

நிமிர்ந்தபோது அம்மாவைக் காணோம்.

பாதையின் வளைவில் நின்றுகொண்டிருந்தாள். எதிரே, கயிற்றுக்கு அந்தப் பக்கம், தோட்டக்காரர் ஒருவர் மழைச்சட்டையோடு பாசியின் மேல் மண்டியிட்டிருந்தார். அறுபது வயதுக்குக் குறையாது. பக்கத்தில் மூங்கில் வாரியல். சின்ன மூங்கில் துண்டு ஒன்றால் பாசிக்குள் முளைத்த புல்லை வேரோடு நெம்பி எடுத்து இடுப்புக் கூடையில் போட்டார். பறவை கொத்திப் புரட்டிய இடத்தைத் திருப்பி வைத்து உள்ளங்கையால் அழுத்தினார், பிள்ளைக்கு ஜுரம் பார்க்கிற மாதிரி. பிறகு எழுந்து பெருக்கினார். வாரியலைச் சாய்த்துப் பிடித்து, நுனி மட்டும் தொட, விழுந்த இலையை மட்டும் தள்ளினார். இலை கிடந்தால் வெளிச்சம் மறைந்து அடியிலிருக்கும் பாசி செத்துப்போகும். விட்டுவிட்டதால் வந்த தோட்டம்தான், ஆனால் ஒருநாள் விட்டால் போய்விடும். எட்டரை ஏக்கர் பெருக்கி முடிக்கும்போது ஆரம்பித்த இடத்தில் மறுபடி இலை விழுந்திருக்கும்.

அம்மா அவரை விட்டு நகரவே இல்லை. குளத்தைப் பார்க்கக் கொடுத்ததைவிட அதிக நேரம் அவருக்குக் கொடுத்தாள். "மாக்கோலத்துக்கு மேல பெருக்குதான் பாரு, கோலம் கலையாம" என்று முணுமுணுத்தாள். அவர் நிமிர்ந்து பார்த்துத் தலை குனிந்தார். அம்மா கை கூப்பினாள். அவர் இன்னும் கொஞ்சம் ஆழமாகக் குனிந்தார். அம்மாவும் குனியப் பார்த்தாள், முட்டி விடவில்லை.

கோயிலை விட்டு வெளியே வந்தால் அடுத்த தெருவில், வருடம் முழுக்கச் சில்வண்டுகளை வளர்த்துப் பாடவிடுகிற இன்னொரு கோயில் இருக்கிறது. போகலாமா என்று கேட்டேன். "சில்வண்டுச் சத்தம் கேக்கவும் துட்டா?" என்று கேட்டுவிட்டு டாக்சியில் ஏறி உட்கார்ந்தாள்.

ஐப்பசியில் ஒருநாள் வீடியோ அழைப்பில் பின்கட்டைக் காட்டினாள். மழை ஓய்ந்திருந்தது. துவைக்கிற கல்லைச் சுற்றி சிமெண்டுத் தரை வெள்ளைவெளேரென்று இருந்தது.

"எல்லாத்தையும் தேச்சிட்டியா?"

"பின்ன? வழுக்கி விழுந்தா நீயா வந்து தூக்குவே?"

சிரித்தேன். அவளும் சிரித்தாள். அந்த வேண்டுதலில் என்ன எழுதினாய் என்று இன்னொரு தடவை கேட்டுப் பார்த்தேன், சொல்லவில்லை.

"அது கெடக்கட்டும். அங்க பாசியில மண்டி போட்டு உக்காந்திருந்தாரே பெரியவர், முட்டியில கறுப்பா மெத்தை மாதிரி ஒண்ணு கட்டியிருந்தாரு. பாத்தியா?"

நான் பார்க்கவில்லை.

"அதுல ரெண்டு வாங்கி அனுப்பு. அளவு பெரிசாப் பாத்து வாங்கு, சேலைக்கு மேல கட்டணும்."